பழுப்பு நிறம் சொல்லும் சேதி

சளி பிடித்தால் ஒரு வாரத்தில் உடம்பே அதைச் சரிசெய்துகொள்கிறது. ஒருமுறை அம்மை போட்டவருக்கு மறுபடி அதே அம்மை வருவது அரிது. வைரஸை அடையாளம் கண்டு விரட்டுவதில் நம் உடம்பு அத்தனை தேர்ந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயும் வைரஸால் வருவதுதான். பிறகு ஏன் இதை மட்டும் விட்டுவைக்கிறது?

இதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கேள்வியும் வரும். நோயெதிர்ப்பு சக்தியை ஏவிப் புற்றை அழிக்கும் இம்யூனோதெரபி மருந்துகள் வந்துவிட்டன என்று நாளிதழில் படிக்கிறோம். ஒரே வகைப் புற்று, ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு பெண்ணுக்குக் கட்டி இருந்த இடம் தெரியாமல் கரைகிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கோ எந்த மாற்றமும் இல்லை. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று மருந்தை ஏற்றுவதற்கு முன்பே சொல்ல முடியாதா?

ஓரளவுக்குச் சொல்ல முடியும். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஓசைப்படாமல் தங்கும் வைரஸ்

ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இல் கருப்பைவாய்ப் புற்றுத் திசுவிலிருந்து எச்பிவி என்ற வைரஸின் 16ஆம் வகையைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டே 18ஆம் வகையும் கிடைத்தது. உலகெங்கும் வரும் கருப்பைவாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாலுறவு வழியே பரவும் இந்த வைரஸ் பெரும்பாலானவர்களை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுவிட்டுப் போகிறது. ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதைத் துடைத்துவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது; தங்கியதில் ஒரு பகுதி, 15, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. நோயெதிர்ப்பு சக்தி இதில் எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு ஒரு சான்று போதும்: எச்ஐவி தொற்று உள்ள பெண்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு.

தங்கிவிட்ட வைரஸ் செல்லுக்குள் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் காவல் புரதங்கள் நம்மிடம் உண்டு. அவற்றில் பி53 என்பதை இ6 அழிக்கிறது; ஆர்பி என்பதை இ7 செயலிழக்க வைக்கிறது. இ6, இ7 இரண்டும் இல்லாமல் வைரஸ் வழி வந்த புற்றுச் செல்லால் பிழைக்கவே முடியாது. அதாவது, உடம்புக்குச் சற்றும் சொந்தமில்லாத அந்நியப் புரதங்களைச் சுமந்துகொண்டேதான் புற்று வளர்கிறது. உடம்பின் கண்ணில் படாமலிருக்க வழியே இல்லை என்றுதான் நாம் நினைப்போம்.

ஆனால் எச்பிவி மிக அடக்கமான வைரஸ். ரத்தத்தில் கலப்பதில்லை. செல்லைக் கொன்று வெடித்து வெளியேறுவதில்லை. காய்ச்சலோ வீக்கமோ தருவதில்லை. மேல்தோல் படலத்துக்குள்ளேயே இருந்துகொள்வதால் எச்சரிக்கை எழவே நாளாகிறது. எழுந்து, டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் வந்து சேரும்போது, புற்று அவற்றைத் தடுக்கும் ஏற்பாட்டோடு இருக்கிறது.

கேடயம் தெரிந்தால் நல்ல சகுனம்

அந்த ஏற்பாட்டின் ஒரு முனை 1992இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகத்தில் வெளிப்பட்டது. டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. அதனோடு பொருந்தும் இணைப் புரதத்துக்குப் பிடி-எல்1 என்று பெயர். இரண்டும் கைகோத்தால் டி செல் அடங்கிவிடும். இது நம் நன்மைக்காக அமைந்த ஏற்பாடு. கிருமியை வென்ற பிறகும் டி செல்கள் அடங்காவிட்டால் சொந்த உறுப்புகளையே அழித்துவிடும். தாயின் உடம்பு கருவைத் தாக்காமல் இருக்க நஞ்சுக்கொடியில்கூடப் பிடி-எல்1 ஏராளமாக இருக்கிறது. புற்றுச் செல் இதே புரதத்தைத் தன்மேல் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறது.

பெம்ப்ரோலிசுமாப், செமிப்லிமாப் போன்ற மருந்துகள் டி செல்லின் பிடி-1இல் போய் ஒட்டிக்கொண்டு, அந்தக் கைகோப்பு நடக்காமல் தடுக்கின்றன. இவற்றைத் தடைநீக்கி மருந்துகள் என்று அழைப்போம். புற்றைக் கொல்வது மருந்து இல்லை; தடை நீங்கிய டி செல். இந்தத் துறைக்கு வழி திறந்த ஹோன்ஜோவுக்கும் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

இங்கே வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். புற்றின்மேல் கேடயம் நிறைய இருந்தால் அது கெட்ட செய்தி என்றுதானே தோன்றும்? இந்த மருந்துகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நல்ல செய்தி. காரணம், பல புற்றுகள் சும்மா இருக்கும்போது கேடயத்தை எடுப்பதில்லை. டி செல்கள் வந்து, எதிரியை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரந்து தாக்கத் தொடங்கிய பிறகே அதைத் தூக்குகின்றன. ஆக, பிடி-எல்1 தெரிகிறது என்றால் டி செல்கள் ஏற்கெனவே வாசல்வரை வந்து தடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம். தடையை நீக்கினால் உள்ளே போக ஆள் தயார். டி செல்களே வராத கட்டியில் எதை நீக்கி என்ன பயன்?

எல்லாப் புற்றும் இந்த விதிக்கு அடங்குவதில்லை. 228 கருப்பைவாய்ப் புற்றுகளின் மரபணுக்களை அலசி 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, சில கட்டிகளில் பிடி-எல்1க்கான மரபணுவே பல படிகளாகப் பெருகிக் கிடப்பதைக் காட்டியது. அங்கே டி செல் வந்தாலும் வராவிட்டாலும் கேடயம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

சிகிச்சையின் பலனை முன்கூட்டியே கணிக்க உதவும் இப்படிப்பட்ட தடயத்துக்கு உயிர்க்குறி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கருப்பைவாய்ப் புற்றில் மருத்துவர்கள் அதிகம் நம்பும் உயிர்க்குறி இந்தப் பிடி-எல்1தான். அதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் அறிக்கையில் அச்சாகும் ஒற்றை எண்ணுக்குள் நிறைய மனித முடிவுகள் இருக்கின்றன.

கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு கணக்கு

பயாப்சியில் எடுத்த திசுத் துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்கு மெல்லிய சீவல் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறார்கள். பிடி-எல்1ஐ மட்டும் தேடிப் பிடித்து ஒட்டும் எதிர்ப்புரதத்தை அதன்மேல் விட்டு, நிறமேற்றுகிறார்கள். கேடயம் இருக்கும் இடம் பழுப்பாகும். மற்றதெல்லாம் வெளிர் நீலம்.

இனி எண்ணிக்கை. நோயியல் மருத்துவர் மூன்று வகைச் செல்களில் பழுப்பைத் தேடுவார்: புற்றுச் செல்கள், லிம்போசைட் வெள்ளணுக்கள், மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள். மூன்றிலும் பழுப்பானவற்றைக் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பது கூட்டு மதிப்பெண். அறிக்கையில் இதைச் சிபிஎஸ் என்று குறிப்பார்கள்.

மூன்று தகடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 400 புற்றுச் செல்கள்.

முதல் தகட்டில் 60 புற்றுச் செல்கள் பழுப்பு. சுற்றிலும் மொய்க்கும் வெள்ளணுக்களிலும் விழுங்கு செல்களிலும் 80 பழுப்பு. கூட்டினால் 140. நானூறுக்கு 140 என்றால் நூறுக்கு 35. கூட்டு மதிப்பெண் 35. ஐயமே இல்லாத பாசிட்டிவ்.

இரண்டாவதில் ஒரு புற்றுச் செல்கூடப் பழுப்பாகவில்லை. ஓரத்தில் 10 வெள்ளணுக்கள் மட்டும் பழுப்பு. மதிப்பெண் 2.5. கருப்பைவாய்ப் புற்றுக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு 1 என்பதால் இதுவும் பாசிட்டிவ்தான். புற்றுச் செல்களை மட்டும் எண்ணும் வேறொரு முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த முறையில் இதே தகட்டுக்குப் பூஜ்யம்.

மூன்றாவதில் பழுப்பான வெள்ளணுக்கள் மூன்று மட்டுமே. மதிப்பெண் 0.75. நெகட்டிவ். அந்த ஓரத்தில் இன்னும் ஒரே ஒரு செல் பழுப்பாக இருந்திருந்தால் கணக்கு சரியாக 1ஐத் தொட்டிருக்கும், அறிக்கை மாறியிருக்கும்.

நடைமுறையில் சிக்கல் இன்னும் கூடும். இறந்துபோன திசு கணக்கில் சேராது. புற்றாக மாறாமல் முன்னிலையிலேயே இருக்கும் செல்களும் சேராது. புற்றுச் செல்கள் குறைந்தது நூறாவது இல்லாவிட்டால் துணுக்கு இந்தச் சோதனைக்குத் தகுதியே இல்லை. மங்கலான பழுப்பை எண்ணுவதா விடுவதா என்பதில் அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்களே மாறுபடலாம். போதாக்குறைக்கு, கட்டியின் ஒரு மூலையில் பழுப்பு அடர்ந்தும் மறு மூலையில் வெறுமையாகவும் இருக்கலாம். கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன்பும் பின்பும் வேறுபடலாம். தகடு காட்டுவது ஒரு நாளில், ஒரு துணுக்கில் கண்ட நிலவரம்.

98 பெண்கள்

இவ்வளவு நுணுக்கமான கணக்கு சிகிச்சையின் வாசலுக்கு எப்படி வந்தது? கீநோட்-158 என்ற ஆய்வுதான் காரணம். வழக்கமான சிகிச்சைகளைத் தாண்டியும் நோய் முற்றியிருந்த 98 கருப்பைவாய்ப் புற்று நோயாளிகளுக்கு அதில் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அவர்களில் 3 பேருக்கு முழுமையாக மறைந்தது. அந்த 12 பேரும் பிடி-எல்1 பாசிட்டிவ் ஆன 82 பேருக்குள் இருந்தார்கள். நெகட்டிவ் ஆன 15 பேரில் ஒருவருக்குக்கூடப் பலனில்லை.

12 சிறிய எண்தான். ஆனால் மற்ற வழிகள் அடைபட்ட பிறகு, பலன் கிடைத்தவர்களில் பலருக்கு அது நீடித்து நின்றது. 2018 ஜூன் 12 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு விரைவு ஒப்புதல் அளித்தது. கூடவே ஒரு நிபந்தனை: கூட்டு மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

பதினைந்தில் பூஜ்யம் என்பது தீர்ப்பா, தற்செயலா? பாசிட்டிவ் பெண்களில் ஏழில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது. நெகட்டிவ் பெண்களுக்கும் உண்மையில் அதே வாய்ப்புதான் என்று வைத்துக்கொண்டாலும், 15 பேரைத் தேர்ந்தெடுத்தால் ஒருவருக்கும் பலன் கிடைக்காமல் போவது நூற்றுக்கு ஒன்பது முறை வெறும் தற்செயலாகவே நடக்கும். ஆகவே சந்தேகப்பட இடமிருந்தது. அந்தச் சந்தேகத்தை அடுத்து வந்த பெரிய ஆய்வு வளர்த்தது.

கோட்டின் இரு பக்கமும்

608 பெண்கள் பங்கேற்று 2022இல் முடிவுகள் வெளியான எம்பவர்-செர்விகல் 1 என்ற ஆய்வு, முதல் கட்டக் கீமோவுக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்களில் செமிப்லிமாபை வேறு கீமோ மருந்துகளோடு ஒப்பிட்டது. செமிப்லிமாப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12 மாதம்; கீமோ பெற்றவர்களுக்கு 8.5 மாதம். இந்த ஆய்வு புற்றுச் செல்களின் பழுப்பை மட்டுமே எண்ணியது. ஒரு சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18 சதவீதம் பேருக்கு, அதற்குக் கீழே உள்ளவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. வித்தியாசம் உண்டு, ஆனால் 11 பூஜ்யமில்லை. நம் இரண்டாவது தகட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். புற்றுச் செல்லை மட்டும் எண்ணும் முறையில் நெகட்டிவ் ஆனவர்களில் சிலர், கூட்டு மதிப்பெண்ணில் பாசிட்டிவ் ஆகியிருக்கக் கூடியவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் பிடி-எல்1 நிபந்தனை எதுவும் போடாமல் 2022 நவம்பரில் இந்த மருந்தை அனுமதித்தது.

கீநோட்-826 வேறொரு பாடம் தந்தது. நோய் பரவிய அல்லது திரும்பிய 617 பெண்களுக்குக் கீமோவோடு சேர்த்து பெம்ப்ரோலிசுமாபோ, மருந்தில்லாத போலி ஊசியோ கொடுத்த ஆய்வு அது. 548 பேரின் மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல். பத்தில் ஒன்பது பேர் பாசிட்டிவ் என்றால், அந்தச் சல்லடை யாரைத்தான் வடிகட்டுகிறது என்ற கேள்வி நியாயமானது. பாசிட்டிவ் பெண்களில் இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் மருந்துடன் 53 சதவீதம், மருந்தின்றி 41.7 சதவீதம். எல்லையை 10க்கு உயர்த்திப் பார்த்தபோது 54.4க்கு 44.6. அதாவது மதிப்பெண் கூடக் கூடப் பலனும் கூடிக்கொண்டே போகவில்லை. மறுபக்கம், 1க்குக் கீழே இருந்த 69 பேரில் முதல் அலசலில் மருந்தால் தெளிவான ஆதாயம் தெரியவில்லை. 2021 அக்டோபரில் கிடைத்த அமெரிக்க ஒப்புதலும் அந்த 1 என்ற கோட்டிலேயே நின்றது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், 35 வாங்கியவருக்கு மருந்து நிச்சயம் கேட்கும் என்றோ, 12 வாங்கியவரைவிட மூன்று மடங்கு கேட்கும் என்றோ சொல்ல ஆதாரமில்லை. பரீட்சை மார்க்கைப் போல இந்த எண்ணைப் படித்து மகிழ்வதும் நொறுங்குவதும் வீண் வேதனை. இந்த மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாமா என்பதைத்தான் அது சொல்கிறது.

சிலருக்கே வாய்க்கும் குறிகள்

பழுப்பு நிறத்தைத் தவிர வேறு குறிகளும் உண்டு. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் பிழைகள் நேரும். அவற்றைத் திருத்தும் பொறி நம் செல்களில் இருக்கிறது. அது பழுதான புற்றில் ஆயிரக்கணக்கில் பிழைகள் சேர்ந்து, விசித்திரமான புரதங்கள் உருவாகும். டி செல்லுக்கு அவை எளிதில் அந்நியமாகத் தெரியும். எந்த உறுப்பில் தொடங்கிய புற்றானாலும் சரி, இந்தப் பழுது இருந்து, மற்ற சிகிச்சைகள் பலனளிக்காவிட்டால் பெம்ப்ரோலிசுமாப் தரலாம் என்று 2017 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. புற்று தொடங்கிய இடத்தைப் பாராமல் அதன் உயிர்க்குறியை மட்டும் பார்த்துக் கிடைத்த முதல் ஒப்புதல் அது. கருப்பைவாய்ப் புற்றில் இந்தப் பழுது மிகச் சிலருக்கே இருக்கும். ஆனால் சோதனை எளிது. அதே மெழுகுக் கட்டியின் இன்னும் சில சீவல்களில் செய்துவிடலாம்.

முதல் கேள்விக்குத் திரும்பும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், கருப்பைவாய்ப் புற்றுக் கட்டிகளுக்குள்ளிருந்தே டி செல்களை எடுத்து, ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் பெருக்கி, அதே பெண்களின் உடம்பில் திரும்பச் செலுத்தினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 9 பெண்களில் 3 பேருக்குப் பலன்; அதில் 2 பேருக்குப் புற்று முழுதாக மறைந்தது. வைரஸ் புரதங்களைத் தாக்கும் செல்கள்தான் வென்றிருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அந்த இரு பெண்களின் டி செல்களை நுணுகி ஆராய்ந்த குழு 2017இல் 'சயன்ஸ்' இதழில் வேறு கதை சொன்னது. செலுத்திய செல்களில் வைரஸ் புரதங்களைக் குறிவைத்தவை சிறுபான்மை. கட்டியில் புதிதாக நேர்ந்த மரபணுப் பிழைகளையும், வளர்ந்த உடம்பில் வழக்கமாகத் தலைகாட்டாத ஒரு புரதத்தையும் குறிவைத்தவையே அதிகம். வைரஸ் மூட்டிய புற்றிலும் உடம்பு எதிரியாகக் காண்பது வைரஸை மட்டுமல்ல என்பது தெரிந்தபின், நல்ல உயிர்க்குறியைத் தேடும் இடமும் விரிந்திருக்கிறது.

மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள்

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்று கண்டறியப்பட்டதாகவும், 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. தடைநீக்கி மருந்தின் முழு அளவுத் தவணை ஒன்றே லட்சக்கணக்கில் செலவு வைக்கும். அதுவும் சில வாரங்களுக்கு ஒருமுறை. பணத்தோடு முடிவதில்லை. தடை நீங்கிய டி செல்கள் தைராய்டு, நுரையீரல், குடல் போன்ற நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். நகை விற்று, நிலம் விற்று ஒரு குடும்பம் இதில் இறங்குவதற்கு முன் பலனின் வாய்ப்பு என்ன என்பதை அறிவது அவர்களின் உரிமை.

நோய் இடுப்புப் பகுதியைத் தாண்டாத நிலையில் நிலவரம் வேறு. கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சையோடு பெம்ப்ரோலிசுமாபையும் சேர்த்த கீநோட்-ஏ18 ஆய்வில், 1060 பெண்கள் பங்கேற்றனர். மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் மருந்துடன் 82.6 சதவீதம், மருந்தின்றி 74.8 சதவீதம். 2024 ஜனவரியில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தபோது பிடி-எல்1 நிபந்தனை வைக்கவில்லை; நோயின் கட்டத்தைத்தான் பார்த்தது. இதே நோக்கில் டர்வலுமாப் என்ற மற்றொரு தடைநீக்கியைச் சோதித்த காலா ஆய்வு வெற்றி பெறவில்லை. மருந்துக்கு மருந்து, கட்டத்துக்குக் கட்டம் விடை மாறுகிறது. அதனால் ஒருவருக்குக் கிடைத்த முடிவை இன்னொருவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் பரவிவிட்டது என்றோ திரும்பிவிட்டது என்றோ மருத்துவர் சொன்னால், சிகிச்சை தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிடி-எல்1 சோதனை செய்தாயிற்றா, கூட்டு மதிப்பெண் எவ்வளவு? டிஎன்ஏ பிழைதிருத்தும் பொறிக்கான சோதனை செய்தாயிற்றா? சோதித்த திசு எப்போது, எந்த இடத்தில் எடுத்தது? ஊர் மாறி, மருத்துவமனை மாறிப் போகும்போது சி.டி., ஸ்கேன் உறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பயாப்சி செய்த ஆய்வகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மெழுகுக் கட்டியையும் அறிக்கையையும் வாங்கி, வெயில் படாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஊசி குத்தாமல், எல்லாச் சோதனைகளையும் பெரும்பாலும் அதிலிருந்தே செய்துவிடலாம்.